சொன்னதையெல்லாம் நம்பியவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்கள் வாயில் நுழையாது. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அந்தப் பெயர் நுழைய ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை எல்லோரும் ரஷ்யாக்காரி என்றுதான் கூப்பிட்டோம். அவளுக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை அது.

"ரஷ்யா இல்ல அக்கா. ஆர்மீனியா."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான கீது?"

"ஸ்ரீலங்காகூட பக்கத்துலதான் கீது. உன்னை ஸ்ரீலங்காக்காரின்னு கூப்புடவா?"

தமிழை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் பேச்சு இப்படி ஆனது. பால் போன்ற நிறம், பூனைக்கண், ஆளோ வாசற்படி இடிக்கிற உயரம். வாயைத் திறந்தால் காசிமேட்டு மீன்காரி. முதல் தடவை கேட்பவர்கள் வேறு யாரோ பின்னால் நின்று பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் புருஷன் எங்கள் ஊர்ப் பிள்ளை. ராயபுரத்தில் பிறந்து, உதவித்தொகை கிடைத்து, இன்ஜினியர் படிப்புக்கு ரஷ்யா போனவன். அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாடு உடைந்து, இவன் இருந்த பக்கம் தனி நாடாகிவிட்டது. உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே வேறு தேசத்துக்குப் போனவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். வரும்போது இவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். எண்ணூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. எங்கள் எதிர்வீட்டில் குடிவந்தார்கள்.

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன்: யார் எதைச் சொன்னாலும் நம்புவாள். என்னைப்போல வாய் ஓயாத ஒருத்திக்கு எதிர்வீட்டில் அப்படி ஒரு ஆள் குடிவந்தால் எப்படி இருக்கும்? கரும்புக் கடை திறந்துவிட்ட மாதிரி.

வந்த முதல் வாரம். சுவரில் காக்காய் கத்தியது. "காக்கா கத்துனா வூட்டுக்கு விருந்தாளி வருவாங்க. நல்லா ஆக்கி வச்சிட்டு வாசல்ல நிக்கணும்" என்றேன். மதியம் நானே போய் நின்றேன். "வந்துட்டீங்களா!" என்று இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்தாள். வெங்காயம் போட்டு வதக்கிய கறி, திராட்சை இலையில் சுருட்டிய சோறு. இலை இங்கே ஏது? அவள் ஊரிலிருந்து உப்புப் போட்டு பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் தெருவில் காக்காய்க்குப் பஞ்சமா? அந்த மாதம் எனக்குச் சமையல் வேலை குறைந்தது.

பலாப்பழம் உரிக்கும்போது பேசினால் சுளை கசக்கும் என்றேன். காலையிலிருந்து மதியம் வரை வாயைத் திறக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த புருஷன் சண்டை என்று நினைத்து, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டானாம்.

ரேஷன் கார்டுக்கு அலைந்தபோது, "ஆபீசருக்கு மரியாதை குடுத்துப் பேசணும். நைனா, குந்துன்னு ஆரம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அவளும் போய், நாற்காலியை விட்டு எழுந்த அதிகாரியிடம் கையைக் கூப்பி, "நைனா, எயுந்திருக்காத, குந்து. அப்பால பேசலாம்" என்றாள். அந்த மனிதர் குந்தினார். மூன்று மாதமாக நகராத காகிதம் அன்றைக்கே நகர்ந்தது. அவள் எனக்கு நன்றி சொல்ல வந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அவளும் கூடவே சிரித்தாள். எதற்கு என்று கேட்கவே இல்லை.

நாங்கள் சொன்ன பொய்யையெல்லாம் அவள் இப்படி நம்பினாள். அவள் சொன்ன நிஜம் ஒன்றையும் நாங்கள் நம்பவில்லை.

எங்கள் நாட்டில் கடலே இல்லை என்றாள். மீன் எப்படி என்று கேட்டால், மலை மேல் பெரிய ஏரி இருக்கிறது, அதில் பிடிப்போம் என்றாள். மலை மேல ஏரி, ஏரிக்குள்ள மீனு, சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். எங்கள் எழுத்தை ஒரு சாமியார் உட்கார்ந்து செய்தார் என்றாள். எழுத்தை யாராவது செய்வார்களா? அது என்ன முறுக்கா? உலகத்திலேயே முதலில் ஏசுவைக் கும்பிட்ட ராஜ்ஜியம் எங்களுடையது என்றாள். ராயபுரத்தில் மாதா கோயில் கட்டுவதற்கு முன்னாலேயா என்று கேட்டோம். அவள் பிறந்த ஊர்க்காரர்கள் நக்கலுக்குப் பேர் போனவர்கள் என்றாள். அதைத்தான் நான் சுத்தமாக நம்பவில்லை.

ஒரு தடவை கரித்துண்டால் தரையில் மலை ஒன்று வரைந்து காட்டினாள். பெரிய உச்சி ஒன்று, பக்கத்தில் சின்ன உச்சி ஒன்று, அம்மாவும் பெண்ணும் நிற்கிற மாதிரி. எங்கள் மலை என்றாள். பிள்ளைகளுக்கு அதன் பெயரை வைப்பார்களாம், எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் படம் இருக்குமாம்.

"ஏறியிருக்கியா?"

"முடியாது அக்கா. அது வேலிக்கு அந்தாண்ட, வேற நாட்ல கீது."

"வேற நாட்ல கீற மலை உங்க மலை எப்டிமே ஆவும்?"

"தெனம் காலைல எயுந்ததும் அதைத்தான் பாக்கறோம்."

பொய் சொல்லவாவது இவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரொட்டி விஷயத்தில்தான் முதல் தடவை வாயை மூடினேன். துணி மாதிரி மெல்லிசாக ரொட்டி சுட்டுக் காயவைத்து அடுக்கியிருந்தாள். தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறது. மாசக்கணக்கில் கெடாதாம். தண்ணீர் தெளித்தால் உயிர் வந்துவிடும் என்றாள். "செத்த ரொட்டி எயுந்து உக்காருமா?" என்று கேட்டேன். தெளித்தாள், ஈரத்துணியில் சுற்றினாள், ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துப் பிரித்தாள். கைக்குட்டை மாதிரி மடிந்தது. நான் நாலு தின்றேன்.

இவ்வளவையும் நான் சும்மா பார்க்கவில்லை. எனக்கு அது வேலை. அவள் மாமியார் என் சிநேகிதி. சின்ன வயதில் இறால் கம்பெனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்தவர்கள் நாங்கள். சிநேகிதியின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போது கிரேன் கயிறு அறுந்து செத்துப்போனான். அப்போது அவளுக்கு முப்பது வயது. மகனை ஒற்றை ஆளாக வளர்த்தாள். அண்ணன் மகளை அவனுக்குப் பேசி வைத்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் வெள்ளைக்காரியோடு வந்து நின்றதும், ராயபுரத்து வீட்டு வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். பிறகு மகன் போனால் உள்ளே விடுவாள். மருமகளை மட்டும் விடவில்லை.

"எதுத்தாப்லதான கீற. இன்னா பண்றா, இன்னா துன்றான்னு பாத்து வந்து சொல்லு" என்றாள் என்னிடம்.

"நீயே வந்து பாரேன்மே."

"அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிக்கீறேன்ல?"

"அப்ப நான் மட்டும் முழிக்கலாமா?"

"உனுக்கு வெக்கம் கெடையாது. நீ முழிக்கலாம்."

ஆக, வாரம் ஒரு தடவை பஸ் ஏறி ராயபுரம் போவேன். புடவை ஒழுங்காகக் கட்டுகிறாளா, தன் மகனுக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாளா என்று குடைவாள். நானும் கொஞ்சம் மிளகாய் தூவிச் சொல்வேன். கடைசியில் நான் எழுந்திருக்கும்போது, முறத்தையோ சுவரையோ பார்த்துக்கொண்டு கேட்பாள்: "என்னப் பத்தி எதுனா கேட்டாளா?"

இங்கே திரும்பி வந்தால் இவள் வாசலில் நிற்பாள். "அத்தை இன்னா சொன்னாங்க அக்கா? இருமல் நின்னுச்சா?"

இரண்டு பக்கமும் நான் கொண்டுபோன சேதியில் கலப்படம் இல்லாதது அது ஒன்றுதான். கேட்டாள் என்று அங்கே சொல்வேன், கேட்டாள் என்று இங்கே சொல்வேன். ஆறு வருஷம் இப்படிப் போனது. இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

ஒருநாள் பாரிமுனையில் துணி எடுக்கப் போனபோது அவளை அரண்மனைக்காரன் தெருவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஆர்மீனியாக்காரர்கள் கட்டிய மாதா கோயில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உள்ளே போனால் மரம், நிழல், சத்தமே இல்லை. வெளியே ஹாரன் அலறுகிறது, உள்ளே கிளி கத்துகிறது. முற்றம் முழுக்கக் கல்லறைக் கல். தெரியாமல் ஒன்றன் மேல் கால் வைத்துவிட்டேன். பதறிப்போய்க் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"மிதி அக்கா, பரவால்ல" என்றாள். "எங்க ஊர்ல பெரிய மனுசங்க கோயில் வாசப்படியிலயே பொதைக்கச் சொல்லுவாங்க. எல்லாரும் என்ன மிதிச்சினு போவட்டும்னு கேட்டுக்குவாங்க."

பெரிய மனிதன் மிதிபடக் கேட்பானா என்று வாய் வரை வந்தது. ஆனால் அவள் அதற்குள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் கல்லைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். கொக்கி கொக்கியாக எழுத்து. விரலை வைத்து வாசித்தாள். நான் மூன்றாவதோடு நின்றவள், தமிழே தடவித்தான் படிப்பேன். அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பஸ் போர்டு பார்க்க இரண்டு பேரும் மூன்றாம் ஆளைத்தான் கேட்போம். அப்படிப்பட்டவள், அந்த முற்றத்தில் வேறு யாராலும் படிக்க முடியாததைக் கடகடவென்று படிக்கிறாள். சாமியார் செய்த எழுத்து நிஜந்தான் போலிருக்கிறது. கப்பலில் வியாபாரத்துக்கு வந்த மனிதனாம். ஊர் திரும்பாமலே இங்கே செத்தானாம்.

கல் மேல் உள்ளங்கையை வைத்து ஏதோ முணுமுணுத்தாள்.

"இன்னாமே சொன்ன?"

"ஊர்ல எல்லாரும் நல்லா கீறாங்கன்னு சொன்னேன். ரொம்ப நாளா யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கல்ல?"

அன்றைக்குத்தான் அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். "பூமி ஆடுச்சி அக்கா. நான் ஸ்கூல்ல இருந்தேன், எங்க ஸ்கூல் நின்னுச்சி. வூடு நிக்கல." பிறகு, "அம்மான்னு கூப்புட்டு ரொம்ப நாளாச்சி. அத்தைன்னாவது கூப்புடலாம்னு பாத்தேன்" என்றாள்.

நானும் உட்கார்ந்து, பக்கத்துக் கல்லை என் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அந்தத் தண்ணீர் இல்லாத வருஷம் வந்தது. புழல் ஏரி வெடித்துக் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்று வரும், சில நாள் அதுவும் வராது. லாரி வந்தால்தான் தண்ணீர். தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும். மனிதர்கள் உட்கார்ந்து காவல் காப்போம். அந்தந்தத் தெரு வீட்டுக் குடம் மட்டும்தான் வைக்கலாம். வெளி ஆள் குடத்தை வைத்தால் எட்டி உதைத்து உருட்டிவிடுவார்கள். சொந்த அக்கா தங்கைகள் ஒரு குடத்துக்காகப் பேச்சை நிறுத்தின காலம்.

அப்படி ஒருநாள் லாரிக்குக் காத்திருக்கும்போது, அவள் தன் ஊரில் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும் என்று சொன்னாள். ரோஜாவின் பெயரில் ஒரு பண்டிகை. அன்றைக்கு யாரும் யார் மேலும் தண்ணீர் ஊற்றலாமாம். வாளியோடு மாடியில் நிற்பார்களாம். போலீஸ்காரன், பாதிரியார், ரோட்டில் போகிறவன், ஒருத்தரையும் விட மாட்டார்களாம்.

"இங்க ஊத்து பாப்போம். கொன்னே பூடுவாங்க" என்றேன். பிறகு நம் பெருமையையும் விடக்கூடாதே! "எங்களுக்கும் கீது. திருவியா முடிஞ்சா மஞ்சத் தண்ணி. ஆனா உங்களாட்டம் கண்டவன் மேல ஊத்த மாட்டோம். முறை இருக்கணும். மாமன், மச்சான், அத்தைன்னு."

"எனக்கு முறை யாரு அக்கா?"

"உனுக்கு இந்த மெட்ராஸ்ல யார்மே கீறா? ராயபுரத்துல ஒரே ஒரு அத்தை. போய் ஊத்து!" என்று சொல்லி, வரிசையே சிரிக்கும்படி சிரித்தேன். லாரி வந்தது. சொன்னதை மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றாள். குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது. "அத்தைக்குத் தண்ணி எட்த்துனு போறேன். கூட வா அக்கா, எனக்குத் தனியா பயமா கீது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருஷத்தில் ஒரு குடம் தண்ணீர் சீர் கொண்டுபோவதென்றால் நகை கொண்டுபோகிற மாதிரி. கல்லும் கரையும் என்று நினைத்து ஆட்டோவில் ஏறினேன். பள்ளம் வரும்போதெல்லாம் குடத்தை இரண்டு பேருமாக அணைத்துக்கொண்டோம். லேசாக ரோஜா வாசனை வந்தது. வாசனைக்குப் போட்டிருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன்.

ராயபுரத்தில் அந்தத் தெருவிலும் லாரிக்கு வரிசை. மூன்றாவது குடத்துக்குப் பக்கத்தில் என் சிநேகிதி நின்றாள். சாம்பல் நிறப் புடவை, வெறும் நெற்றி. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் நேராகப் போனாள். துணியை அவிழ்த்தாள்.

"அத்தை" என்றாள்.

சிநேகிதி திரும்பினாள். அவ்வளவுதான். குடம் முழுசும் தலையில் இறங்கியது.

தண்ணீர் மட்டும் இல்லை. மஞ்சள். குடம் நிறையக் கரைத்த மஞ்சளும் ரோஜா இதழும். நான் முறையைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, புருஷன் இல்லாதவள் மேல் மஞ்சள் படக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லையே!

"ஐயையோ! தாலியறுத்தவ மேல மஞ்சத் தண்ணிய ஊத்திட்டாளே!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு கொடம் தண்ணிய மண்ணுல கொட்டிட்டாளே!" என்று இன்னொருத்தி. அவளுடைய கவலை அவளுக்கு.

சிநேகிதி அசையவில்லை. கன்னத்தில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது. முகத்தை வழித்து உள்ளங்கையைப் பார்த்தாள். அவள் மஞ்சள் பூசிக் குளித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். மெதுவாக மோந்து பார்த்தாள். இவள் காலிக்குடத்தை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்தக் குடும்பம் இனிமேல் சேரவே சேராது, சேரவிடாமல் செய்தது என் வாய்தான். வந்த ஆட்டோ நிற்கிறதா என்று தெருமுனையைப் பார்த்தேன்.

"எத்தினி நாள் தண்ணி இது?" சிநேகிதியின் குரல்தான்.

"மூணு நாளு, அத்தை."

"அப்ப மூணு நாளா குளிக்கல?"

"தொடைச்சிக்கினேன்."

"அவன்?"

"அவரும்தான்."

"கலீஜு. ரெண்டும் கலீஜு." சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிப்பதற்குள் லாரி ஹாரன் கேட்டது. வரிசை எழுந்தது. சிநேகிதி இவள் கையிலிருந்த பச்சைக் குடத்தைப் பிடுங்கித் தன் குடத்துக்குப் பின்னால் நங்கென்று வைத்தாள்.

"இன்னாமே இது? வெளி ஆளு கொடத்த நடுவுல சொருவுற?" என்று பின்னால் நின்றவள் காலைத் தூக்கினாள்.

"எவடி வெளி ஆளு? எங்க வூட்ல ரெண்டு பொம்பள. ரெண்டு கொடம். அது என் மருமவ கொடம். கால வச்சிப் பாரு!"

பின்னால் நின்றவள் காலை இறக்கினாள். மஞ்சள் சொட்டச் சொட்ட நிற்கிற ஒருத்தியோடு யார் சண்டைக்குப் போவார்கள்?

வரிசை நகர்ந்தது. நான் இவளை ஓரமாக இழுத்தேன். "ஏன்மே, நான் விளையாட்டுக்குச் சொன்னா அப்டியே நம்பிடுவியா? தாலியறுத்தவங்களுக்கு மஞ்சள் கூடாதுன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா. ஆறு வருசமா பாக்கறேனே."

"தெரிஞ்சே ஊத்துனியா?"

"நீங்க எல்லாரும் முறை பாத்து ஊத்திக்கிறீங்க. அவங்க மேல யாரு ஊத்துவாங்க?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். காக்காயும் பலாச்சுளையும் ரேஷன் ஆபீஸ் நைனாவும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து நின்றன. அவள் லேசாகச் சிரித்தாள். அவள் பிறந்த ஊர்க்காரர்களின் நக்கலை அன்றைக்குத்தான் நம்பினேன்.

"அங்க இன்னாடி பேச்சு? இந்தா, வந்து இந்தப் பக்கம் புடி!" என்று லாரிப் பக்கத்திலிருந்து சிநேகிதி குரல் கொடுத்தாள்.

அவள் ஓடினாள். பச்சைக் குடத்தின் கழுத்தை ஒரு பக்கம் மஞ்சள் கை பிடித்தது, இன்னொரு பக்கம் வெள்ளைக் கை. லாரிக்காரன் குழாயைத் திறந்தான்.